அதெல்லாம் அப்படித்தான்

வடிவு ஏதோ சொன்னாள். அப்போது சிவசைலம் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தார். கூந்தன்குளத்தின் தென்கோடியில் பட்டைத்தலை வாத்துகள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. கால்களை முன்னால் நீட்டி, இறக்கைகளைக் குடைபோல் வளைத்து, தண்ணீரில் ஒரு கீறல் போட்டு உட்கார்ந்து, உட்கார்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் கழுத்தை நிமிர்த்திக்கொள்ளும் அந்தத் தோரணையை அவர் எத்தனையோ மாசி மாதங்களாகப் பார்க்கிறார், அலுத்ததில்லை. மகள் அவருக்கு இடப்பக்கம் கரைமேல் நின்றிருந்தாள். அவள் குரல் வந்தது என்பது தெரிந்தது. அதன் வால் மட்டும், 'ப்பா' என்று, கையில் அகப்பட்டது. "அதெல்லாம் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார், கண்ணை எடுக்காமலே. அவரிடம் இப்படி இரண்டு மூன்று பதில்கள் எப்போதும் தயாராக இருந்தன. 'சரிதான்' என்பது ஒன்று. 'பாத்துக்கிடலாம்' என்பது ஒன்று. யார் என்ன சொன்னாலும் இவற்றில் ஒன்றை எடுத்து வைத்தால் போதும், பேச்சு தன்பாட்டில் நகர்ந்து போய்விடும். கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ இதுவரை யாரும் திடுக்கிட்டு நின்றதில்லை. ஆனால் இப்போது கரையில் ஓர் அமைதி விழுந்தது. அவருக்குத் தப்பிப்போனவை சத்தங்கள்தான், அமைதி ஒருநாளும் தப்பியதில்லை. பைனாகுலரைத் தாழ்த்தித் திரும்பிப் பார்த்தார். வடிவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மூடியிருந்தன. துப்பட்டாவின் நுனியை இடது கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா சொன்ன என்று கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுத்தபோது அவள் முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

கேட்கத்தானே கூட்டி வந்தது. காலையில் வண்டியை வெளியே எடுக்கும்போது மனைவி முப்பிடாதி வாசல் வரை வந்து, உங்ககிட்டதான் ஏதாவது சொல்லுவா, என்கிட்ட வாயைத் திறக்க மாட்டேங்கா, என்று சொல்லித்தான் அனுப்பினாள். பொங்கலுக்கு வந்த பெண், மாசி பிறந்தும் கோயமுத்தூருக்குத் திரும்பவில்லை. கேட்டால், சும்மாதான், ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் என்றாள். அந்த ரெண்டு நாள் நீண்டுகொண்டே போயிற்று. மருமகன் கார்த்தீசனிடமிருந்து முதலில் தினமும் போன் வந்தது, பிறகு வரவில்லை, பிறகு அவனுடைய அப்பா பேசினார். ஞாயிற்றுக்கிழமை நாங்க நேர்ல வந்து கூட்டிட்டுப் போறோம், சின்னஞ்சிறுசுகளுக்குள்ள இருக்கத்தான் செய்யும் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை என்பது நாளைக்கு. இன்றைக்குள் அவள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாளோ? இல்லை, அப்படி முக்கியமான பேச்சை ஒருத்தி இப்படி நடுக்கரையில் நின்றுகொண்டா சொல்லுவாள்? உட்காரவைத்து, ஒரு முன்னுரை போட்டு, கொஞ்சம் அழுது, அப்படித்தானே சொல்லுவார்கள்? அவர் அறிந்தவரை முப்பிடாதி அப்படித்தான். ஆனால் வடிவு முப்பிடாதியின் பெண் மட்டுமில்லையே. அவரும் எந்த முக்கியமான விஷயத்தையும் முன்னுரை போட்டுச் சொன்னதில்லை. வேலையை விடப்போவதைக்கூட சாம்பார் ஊற்றச் சொல்லும் குரலில்தான் சொன்னார். அந்த ரத்தம் என்றால் நடுக்கரையில்தான் சொல்லும்.

என்ன சொல்லியிருப்பாள் என்று எட்டி எட்டிப் பிடித்துப் பார்த்தார். இப்போதெல்லாம் அவருக்குப் பேச்சு என்பது எலி கடித்த துணி மாதிரி. 'அ'வும் 'ஆ'வும் வந்துவிடும், நடுவில் இருக்கிற எழுத்துகள் பொத்தல் பொத்தலாகப் போயிருக்கும். முதலில் ஏதோ ஒன்று. நடுவில் 'அடி' என்று ஒரு தட்டு. கடைசியில் 'ப்பா'. அடிக்குப்பா? வெயில் அடிக்குப்பா என்றிருப்பாளோ? வெயிலே ஏறவில்லையே அப்போது, கரைமேல் பனியின் ஈரம்கூடக் காயவில்லை. காத்து அடிக்குப்பா? அந்தப் பதிலுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. காத்து அடிக்குப்பா, அதெல்லாம் அப்படித்தாம்மா இருக்கும். சரியாக உட்கார்ந்துகொள்கிறது. அவர் சற்றே மூச்சு விட்டார். உடனே, காற்று அடித்தால் நாணல் அசைந்திருக்குமே என்று தோன்றிற்று. நாணல் அசையவில்லை. வாத்துகள் இறங்கியபோது தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது, அவற்றின் நிழல்கள் உடையாமல் எதிரே வந்து சேர்ந்துகொண்டதை அவரே பார்த்தார். அப்படியென்றால் வேறு என்ன.

ஆலையில் நூற்பு எந்திரங்களுக்கு நடுவே முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவர் அவர். உள்ளே போனால் வாய் அசைவதுதான் பேச்சு, கை அசைவதுதான் உத்தரவு. அந்த இரைச்சலைத் தலையிலிருந்து கழுவிப்போடத்தான் வார விடுமுறைகளில் குளங்களுக்கு வரத் தொடங்கினார். முதன்முதலாக ஒரு நாணற்புதருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குருவி, கொட்டைப்பாக்கை நறுக்குவது மாதிரி டிக் டிக்கென்று சொல்லக் கேட்டு, அது யார் என்று ஒரு காலை முழுவதும் குத்தவைத்துக் காத்திருந்தார். அதன் பிறகு ஒவ்வொன்றின் குரலாக அவருக்குள் வந்து சேர்ந்தது. பறவை பார்க்கும் குழுவில் இளவட்டங்கள் கேமராவோடு வருவார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்தா கதிர்க்குருவி, அந்தா உள்ளான் என்பார். காதர் என்றே பேர் வைத்துவிட்டார்கள், காது உள்ளவர் என்று. போன வருஷம் காது டாக்டர் பஞ்சு ஒட்டிய ஓர் அறைக்குள் அவரை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். கேட்காதபோதும் கேட்டிருக்கும் என்று எண்ணி எண்ணி அமுக்கினார். வெளியே வந்ததும் டாக்டர் சிரித்துக்கொண்டே, சத்தமே இல்லாத நேரத்தில் நிறைய அமுக்கியிருக்கீங்க, என்றார். இடது காது ஏறக்குறைய முடிந்தது. வலது பாதி. மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, இனி வராது. காதில் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார். பாத்துக்கிடலாம் என்றார் இவர். முப்பிடாதியிடம் சொல்லவில்லை. குழுவிலும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒரு வருஷம் ஓடிவிட்டதே, எப்படி ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஒருநாள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது விளங்கிற்று. காது நன்றாகக் கேட்ட காலத்திலும் அவர் வீட்டில் யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொண்டவரில்லை. சொன்னா எங்க கேக்காரு, குருவி சொன்னாத்தான் கேப்பாரு, என்பது முப்பிடாதி கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவருவது. கேட்காத மனுஷன் கேட்க முடியாத மனுஷனானபோது வீட்டில் எதுவும் மாறவில்லை.

வடிவு ஊருக்குள் திரும்பும் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். அவர் வேகமாக எட்டு வைத்து, இந்தத் தடவை அவளுக்கு இடப்பக்கம் வந்து சேர்ந்தார், வலது காது அவள் பக்கம் இருக்கும்படி. அவள் தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். ஊருக்குள் கருவேல மரங்களிலும் வேப்ப மரங்களிலும் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் வீடுகளின் தலைக்கு மேலேயே கூடு வைத்திருந்தன. கீழே ஒருத்தி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு மேலே ஒரு நாரைக்குஞ்சு வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. அந்தக் குரல் கரகரப்பானது, தாழ்ந்தது, அதனால் அவருக்கு நன்றாகவே கேட்டது. வெள்ளை எச்சம் மரத்தின் கீழெல்லாம் சுண்ணாம்பு கொட்டியதுபோல் கிடந்தது. மீன் அழுகிய வாடை மூக்கைப் பொத்தவைத்தது. நாத்தம் அடிக்குப்பா! அவருக்குச் சட்டென்று மனசு லேசாயிற்று. அதைத்தான் சொல்லியிருக்கிறாள். நகரத்தில் இருந்து பழகிய பெண். அதெல்லாம் அப்படித்தாம்மா இருக்கும். எவ்வளவு சரியான பதில். "பெரிய நாரைக்குக் குரலே கிடையாது தெரியுமா" என்றார் உற்சாகமாக. "குஞ்சுதான் இப்படிக் கத்தும். வளர்ந்துட்டா சத்தமே வராது. அலகைத் தட்டும், அவ்வளவுதான்." வடிவு மேலே பார்த்தாள். அலகில் மீனோடு வந்திறங்கிய தாய்நாரை கழுத்தைக் குனிந்து நின்றது. "அது எதுவுமே சொல்லாதா?" என்று கேட்டாள். இது கேட்டது, முழுசாகக் கேட்டது. சொல்லாது என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், அது தனக்கு முன்பே தெரிந்த விஷயம்போல. அந்த ஆட்டலில் ஏதோ இருந்தது. லேசான மனசு மறுபடி கனத்தது. காலையில் அவர்கள் நின்றது மரத்தடியில் இல்லை. கூடுகளிலிருந்து வெகுதூரம் தள்ளி, எதிர்க்கரையில். அங்கே எந்த வாடையும் இல்லை.

முப்பிடாதியிடமிருந்து போன் வந்தது. போனில் அவருக்கு எதுவுமே விளங்குவதில்லை. ம், ம், என்றார். சொன்னாளா என்றுதான் கேட்டிருப்பாள், வேறு எதைக் கேட்கப்போகிறாள். சாப்பிடப்போறோம், வந்து பேசுதேன் என்று அணைத்தார். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத ஊர் இது என்பார்கள். பெரிய சத்தம் ஒன்றும் கிடையாது. அந்த ஊரின் நடுவே, ஒரு புளியமரத்தடிச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தார்கள். தூக்குவாளியின் மூடி இறுகியிருந்தது. வடிவு அதை மடியில் வைத்து, முழங்காலால் இறுக்கி, இடது கையால் திருகினாள். வலது கை மடியில் கிடந்தது. அதை அவர் பார்த்தார். இப்போது மட்டுமா பார்த்தார்? அவள் வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன், வீக்கம் வத்திட்டு என்று அவள் அம்மாவிடம் சொன்னது அவர் வரைக்கும் வந்திருந்தது. ஒரு நெடுங்கால் உள்ளானின் நடையில் சிறு நொண்டல் இருந்தால் குளத்துக்கு அக்கரையிலிருந்தே சொல்லிவிடுவார், இதன் கால் பழுதுபட்டிருக்கிறது, ஏதோ கண்ணியில் மாட்டித் தப்பி வந்திருக்கிறது என்று. பழுது கண்ணில் பட்டதும் கண்ணியை நினைத்துவிடும் மனசு அது. அதே மனசு, ஒரே கூரையின் கீழே, ஒரு மாதமாக மடங்கிக் கிடக்கும் ஒரு கையைப் பார்த்துவிட்டு, குளியலறை என்று சொன்னதும் குளியலறை என்று வைத்துக்கொண்டுவிட்டது. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அடி. அடி என்றுதானே கேட்டது. வெயிலும் அடிக்கும், காற்றும் அடிக்கும், நாற்றமும் அடிக்கும். வேறு எதுவும் அடிக்குமா என்று ஏன் அவர் யோசிக்கவே இல்லை? யோசித்துவிட்டார், காலையிலேயே யோசித்துவிட்டார், அந்த அமைதி விழுந்த கணத்திலேயே. அதைச் சுற்றி வராமல் இருக்கத்தான் வெயிலையும் காற்றையும் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தாரோ? இல்லை, கார்த்தீசன் அப்படிப்பட்டவன் இல்லை. கல்யாணத்தன்று அவர் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்த பிள்ளை. மெல்லப் பேசுகிற பிள்ளை. அவ்வளவு மெல்ல, அவன் என்ன பேசினான் என்று ஒருநாளும் இவர் காதில் விழுந்ததே இல்லை. விழாததற்கெல்லாம் சரிதான், சரிதான் என்று சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கு நான் அவங்களோட போயிருதேன்ப்பா" என்றாள் வடிவு. அவள் இப்போது அவரைப் பார்த்து, எதிரே உட்கார்ந்து சொன்னதால் உதடும் தெரிந்தது, குரலும் கேட்டது. "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நீங்க காலையில சொன்ன மாதிரி, அதெல்லாம் அப்படித்தான்னு இருந்துக்கிடுதேன். எல்லா வீட்டுலயும் இருக்கத்தானே செய்யுது." இதைச் சொல்லிவிட்டு அவள் அவருடைய இலையில் உருளைக்கிழங்கை எடுத்து வைத்தாள், இடது கையால், சற்றுத் தடுமாறி.

சிவசைலம் இலையை ஓரமாக நகர்த்தினார். தான் சொன்ன ஒரு வாக்கியம் காலையிலிருந்து இந்தப் பெண்ணுக்குள்ளே போய் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அவர் வாத்தைப் பார்த்துக்கொண்டு போகிற போக்கில் எறிந்த ஒன்றை அவள் பொறுக்கி எடுத்து, இது அப்பா சொன்னது என்று வைத்துக்கொண்டு, அதன்படி நடக்கக் கிளம்பிவிட்டாள். இப்போதும் ஒரு வழி இருந்தது. சரிம்மா என்று சொல்லிவிடலாம். நாளை அவர்கள் வருவார்கள், காபி குடிப்பார்கள், போய்விடுவார்கள், காது விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம், காதர் காதராகவே இருக்கலாம். அந்த நினைப்பு வந்ததே, வந்து ஒரு கணம் நின்றதே, அதற்காக அவருக்குத் தன்மேல் அருவருப்பு உண்டாயிற்று.

"காலையில நீ சொன்னது எனக்குக் கேக்கல" என்றார்.

"விடுங்கப்பா. பரவாயில்ல."

"அப்படி இல்லம்மா. காதுல விழவே இல்ல. இந்தக் காது போயிட்டு." இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இதுல பாதிதான் கேக்கு. ஒரு வருஷமாச்சு. உங்கம்மைக்குத் தெரியாது."

வடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் அவர் முகத்தில் எதையோ தேடின. நம்பலாமா, இதுவும் ஒரு நழுவலா என்று தேடின. "அப்ப, அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்களே?"

"நாத்தம் அடிக்குன்னு சொல்லுதியோன்னு நெனச்சேன்."

அவளிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது வேறொன்றாக மாறிற்று. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவர் எழுந்து அவள் பக்கத்தில் போய், தன் வலப்பக்கம் அவளுக்கு வரும்படி உட்கார்ந்தார். இன்னொரு தடவை சொல்லு என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. ஒரு மாதம் சேர்த்துவைத்த தைரியத்தையெல்லாம் திரட்டி ஒரு தடவை சொல்லிவிட்டாள், அதைக் கரையில் கொட்டியாயிற்று. மறுபடியும் எங்கிருந்து எடுப்பாள்? எடுத்தாலும் அதை மெல்லச் சொல்லவும் முடியாது, இந்தப் பாதிக் காதுக்கு உரக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு தண்டனை உண்டு? ஆனாலும் கேட்டார். சொல்லும்மா என்றார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் காதுப் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். அவர் தலையை இல்லையென்று ஆட்டினார். ஆட்டும்போது அழுதுவிட்டார். பக்கத்தில் பைக்கை நிறுத்தி நிழலுக்கு ஒதுங்கியிருந்த ஒரு குடும்பம் இந்தப் பக்கம் பார்த்தது.

"அவரு என்னை அடிக்காருப்பா" என்றாள் வடிவு, உரக்க.

அந்தக் குடும்பம் பேச்சை நிறுத்திற்று. குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுபோயிற்று. வடிவு அவர்களைப் பார்த்தாள், ஆனால் தலையைக் குனியவில்லை. சொன்ன பிறகு அது உள்ளே இருந்ததைவிட வெளியே சிறியதாக இருந்ததோ என்னவோ, அவள் தொடர்ந்து சொன்னாள். கல்யாணமான வருஷமே தொடங்கிற்று என்றாள். முதலில் அறை, பிறகு மன்னிப்பு, பிறகு மன்னிப்பு இல்லாமல். கையை முறுக்கியது பொங்கலுக்கு முன்னால், கதவிடுக்கில் வைத்து. மாமனாருக்கும் மாமியாருக்கும் தெரியும் என்றாள். சிவசைலம் ஒவ்வொன்றையும் கேட்டார். கேட்காத இடத்தில் என்னது என்றார், கூச்சப்படாமல். அவள் திருப்பிச் சொன்னாள்.  

சோற்றுக்கையைக் கழுவிவிட்டுச் சம்பந்திக்குப் போன் போட்டார். வீட்டுக்குப் போய் முப்பிடாதியிடம் பேசிவிட்டுச் செய்யலாமே என்று வடிவு தயங்கினாள். வேண்டாம் என்றார். வீட்டுக்குப் போனால் நான்கு பேர் வருவார்கள், நான்கு யோசனை சொல்வார்கள். எதுவும் தன் காதில் சரியாக விழாது. விழாததற்கெல்லாம் தான் தலையாட்டிவிடுவோம் என்கிற பயம் அவருக்கு இருந்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். குசலம் விசாரிக்கிற ஓசை ஏதோ வந்தது.

"சம்பந்தி, நான் சிவசைலம். எனக்குக் காது கேக்காது. நீங்க பேசினா எனக்கு வெளங்காது. அதனால நான் சொல்லுததை மட்டும் நீங்க கேட்டுக்கிடுங்க. நாளைக்கு யாரும் வரவேண்டாம். எம் பொண்ணு அங்க வரமாட்டா. உங்க மகன் அவளை அடிச்சிருக்கான், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. இனிமே இதை வக்கீல் பேசுவாரு."

அந்தப் பக்கம் ஓசை உயர்ந்தது, நீண்டது, ஒரு கட்டத்தில் இரண்டு ஓசைகளாயிற்று. ஆலை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் நின்று பழகியவர்தானே. கொஞ்ச நேரம் மரியாதைக்குக் காதில் வைத்திருந்துவிட்டு அணைத்தார். பிறகு முப்பிடாதியை அழைத்து, வந்து எல்லாம் சொல்லுதேன், அவங்க போன் போட்டா எடுக்காதே என்றார். அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. போனை வடிவிடம் நீட்டினார். வடிவு கேட்டுவிட்டு, "எதுக்கும்மா அழுத, வந்துகிட்டே இருக்கோம்" என்றாள். அந்தப் பக்கம் இன்னும் ஏதோ வந்தது. "அப்பா நல்லாத்தான் இருக்காக" என்றாள் அதற்கு.

வண்டியை நானே ஓட்டுகிறேன் என்றாள் வடிவு. பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் அவருக்குக் கேட்காது என்பது இப்போது அவளுக்குத் தெரியும். அந்தக் கையோடு நீ எப்படி ஓட்டுவ என்று அவர் கேட்க, கெட்டியாத் திருகத்தான் வலிக்கு, பிடிக்க முடியுது, மெல்லப் போகலாம் என்றாள். அவர் பின்னால் உட்கார்ந்தார். மகள் ஓட்டும் வண்டியில் அவர் இதற்கு முன் ஏறியதில்லை. வெயில் சாய்ந்திருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வாழைத்தோட்டங்களும் தரிசுகளும் மாறி மாறி வந்தன. காற்று காதுகளை அடைத்தது, ஹெல்மெட்டுக்குள் அவருக்கு உலகமே ஒரு நீளமான இரைச்சலாக இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் வடிவின் முதுகு விட்டு விட்டு அதிர்வதைக் கவனித்தார். முதலில் அழுகிறாளோ என்று நினைத்தார். பக்கக் கண்ணாடியில் பார்த்தார், உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பேசிக்கொண்டு வருகிறாள். எப்போது தொடங்கினாளோ தெரியாது. காற்றில் அத்தனையும் போய்க்கொண்டிருந்தது. வாயில் 'சரிதான்' வந்து உட்கார்ந்துவிட்டது, பழைய பழக்கம், விழுங்கினார். அவள் தோளைத் தட்டி, நிப்பாட்டு என்றார்.

ஓரங்கட்டினாள். என்னப்பா என்று திரும்பினாள்.

"நீ பேசினது எதுவும் கேக்கல. மொதல்ல இருந்து சொல்லு."

அவ்வளவு ஒண்ணுமில்ல, வேலைக்குப் போறதைப் பத்தித்தான், வீட்டுல போய்ச் சொல்லுதேனே, நேரமாகுது, அம்மா தேடுவா, என்றாள் அவள்.

"வீட்டுல டிவி ஓடும், உங்கம்மை பேசுவா. இங்கயே சொல்லு. இங்க கேக்கும்."

வடிவு வண்டியை அணைத்தாள். ஸ்டாண்டு போட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி வந்து அவருடைய வலப்பக்கம் நின்றாள்.